வாயிற்காவல் யார் கையில்?

மதில் கட்டுதல் மனிதகுலத்தின் பழந்தொழில்களுள் ஒன்று. மதிலைப் பற்றி எழுதினோர் அதன் உயரத்தையும் திண்மையையும் புகழ்ந்தனர். வாயிலைப் பற்றி ஆழ்ந்து நோக்கினோர் சிலரே. எனினும் மதிலின் பயனைத் தீர்மானிப்பது வாயிலே. எதனை உள்ளே விடுவது, எதனைத் தடுப்பது, அம்முடிவை எடுக்கும் உரிமை எவருக்கு உரியது என்னும் மூன்று வினாக்களும் வாயிலில் வைத்தே எழுகின்றன.

இவ்வினாக்கள் இன்று இணையத்தோடு தொடுக்கப்பட்ட ஒவ்வொரு கணினியின் முன்னும் எழுந்து நிற்கின்றன. ஊர்ச் சங்கங்கள், பாடசாலைகள், சஞ்சிகைக் குழுக்கள், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆகியன தம் பழைய மலர்களையும் கையெழுத்துப் படிகளையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவில் திரட்டத் தொடங்கியுள்ளன. திரட்டியவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்ததும் பெரும்பாலோர் அந்நிய நாட்டுப் பெருங் கம்பனிகளின் களஞ்சியங்களை நாடுகின்றனர். சிலர் மட்டும் தமக்கென ஒரு கணினியை வழங்கியாக அமைத்துத் தாமே நடத்த முற்படுகின்றனர். அங்ஙனம் முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் பொறுப்பு அவ்வழங்கியின் தீச்சுவர் விதிகளை வகுப்பதாகும்.

இவ்விதிகளை வகுத்தல் வெறும் தொழில்நுட்பக் காரியம் என்றே பலரும் கருதுகின்றனர். அக்கருத்துத் தவறானது. ஒரு சமூகத்தின் நினைவைத் தாங்கும் கணினிக்கு எந்த வாயில் திறந்திருக்க வேண்டும் என்பது அச்சமூகம் கூடித் தீர்மானிக்க வேண்டிய விடயம். தீர்மானித்ததை எழுதவும், எழுதியதை வாசிக்கவும், தவறெனக் கண்டபோது மாற்றவும் அச்சமூகத்தில் ஆள் இருத்தல் வேண்டும். இதனை மறுப்போரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குமுன், வாயிற்காவலின் வரலாற்றை நன்கறிந்த ஓர் ஊரை இங்கு நோக்குதல் பொருந்தும்.

மறிச்சுக்கட்டியின் வேலி

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தில், வில்பத்து வனத்தின் வடபுறத்தே அமைந்த கடலோரக் கிராமம் மறிச்சுக்கட்டி. மறித்தல், கட்டுதல் என்னும் இரு வினைகளின் ஓசையும் அதன் பெயரிலே கேட்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் தன் பெயருக்கு ஏற்ற ஒரு காட்சியையும் கண்டது.

முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டுகளில் அதன் வெறுங் கடற்கரையிலே சில வாரங்களுக்குள் ஒரு தற்காலிக நகரம் எழுந்தது. தென்னிந்தியக் கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குளிகாரர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து வணிகரும் கடைகாரரும் அரசாங்க உத்தியோகத்தரும் வந்தனர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இந்நகரின் நடுவே ஒரு பெரிய வேலியடைப்பு இருந்தது. ஆங்கிலேயர் தம் நூல்களில் அதனைக் ‘கொட்டு’ என எழுதிவைத்தனர். படகிலிருந்து இறங்கிய சிப்பி முழுவதும் அதனுள்ளே கொண்டுசெல்லப்படுதல் வேண்டும். அங்கே ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று பங்காக்கப்படும். இரு பங்கு அரசாங்கத்துக்கு. எஞ்சிய ஒன்றே மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவனுக்கு. அரசாங்கத்தின் பங்கு மாலையில் ஏலத்துக்கு விடப்படும்.

காவல் என்ற வகையில் இவ்வேலியைக் குறைகூற முடியாது. வழிகள் சில; அவ்வழிகளிலே கணக்கு உண்டு; கணக்கில் வராத எதுவும் சட்டத்துக்குப் புறம்பானது. இன்றைய கணினிக் காவலின் அடிப்படைத் தத்துவமும் இதுவே. ஆயினும் இவ்வேலியின் விதிகளுள் ஒன்றையேனும் குளிகாரன் எழுதவில்லை. மாற்றும் உரிமையும் அவனுக்கு இருக்கவில்லை. 1906இல் குடியேற்ற அரசு முத்துப்பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டின் குளிப்போடு விளைவு குன்றியது. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனியும் ஓய்ந்தது. வேலி எவருடைய நன்மைக்காக எழுந்ததோ அவர் அகன்றதும் வேலியும் அகன்றது. கடலும் கரையும் ஊர்மக்களும் மட்டும் எஞ்சினர்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. குறைந்த வாயில்களும் நிறைந்த கணக்கும் காவலுக்கு இன்றியமையாதன என்பது ஒன்று. பிறர் எழுதிய விதிகளால் காக்கப்படுவோர், அப்பிறரின் இலாபம் உள்ளவரைதான் காக்கப்படுவர் என்பது மற்றொன்று.

ஓர் ஊரின் ஆவணங்கள்

முத்துக்குளிப்பு ஓய்ந்தபின் மறிச்சுக்கட்டிக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர் மக்களும் வீடு வாசல்களைத் துறந்து சென்றனர். புத்தளம் பகுதியின் முகாம்களிலும் குடியிருப்புகளிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் மீளத் திரும்பியோர் தம் நிலங்களைக் காடு மூடியிருக்கக் கண்டனர். எது காடு, எது ஊர் என்னும் பிணக்கு நாடு தழுவிய சர்ச்சையாயிற்று. 2017 மார்ச்சில் மாவில்லு வனப் பாதுகாப்புப் பிரதேசம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது ஊர்மக்கள் மறிச்சுக்கட்டியிலேயே அமர்ந்து தொடர் போராட்டம் நடத்தினர்.

அப்பிணக்கின் சட்ட நியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய பிணக்கில் ஓர் எளிய குடும்பத்தின் கையில் உள்ள ஆயுதம் எது என்பதே இங்கு வினா. அது தாள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, பழைய வாக்காளர் இடாப்பின் ஒரு பக்கம் ஆகியவை, இன்னார் இன்ன இடத்தில் வாழ்ந்தார் என்பதற்குச் சாட்சி கூறுவன. இவை ஓரிடத்தில் ஒரே படியாக இருப்பின் என்ன நேரும் என்பதைத் தமிழ் பேசும் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் அழிந்தன. அவற்றுட் பலவற்றுக்கு வேறு படி இருக்கவில்லை.

இத்தகைய ஊரொன்று தன் ஆவணங்களைப் படமெடுத்து ஒரு கணினியில் திரட்டி, புத்தளத்திலுள்ளவரும் கொழும்பிலுள்ளவரும் கட்டாரில் உழைப்பவரும் அணுகத்தக்கதாக வைக்க விரும்புகின்றது எனக் கொள்வோம். பழைய கணினி ஒன்றும், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயக்கமுறைமையும், ஓர் இணைய இணைப்பும் அதற்குப் போதும். ஆனால் அக்கணினி இணையத்தோடு தொடுக்கப்பட்ட மறுகணமே அது உலகம் முழுவதற்கும் முகம் காட்டுகின்றது. காவலின் தேவை அங்கே தொடங்குகின்றது.

துறைகளும் விதிகளும்

கணினி வலையமைப்பில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் இலக்கமிட்ட நுழைவிடம் உண்டு. தமிழில் அதனைத் ‘துறை’ என வழங்குகின்றனர். சிலாவத்துறையை அண்டை ஊராகக் கொண்ட மறிச்சுக்கட்டி மக்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. படகு அணையும் இடமே துறை. கணினியில் இத்தகைய துறைகள் 65,535 உள. இணையப் பக்கங்கள் 80, 443 ஆகிய துறைகளால் வந்துபோகின்றன. கணினியைத் தொலைவிலிருந்து நடத்துவோர் வழக்கமாக 22ஆம் துறையால் நுழைவர். தரவுத்தளங்களும் அச்சுப்பொறிகளும் பிற சேவைகளும் தத்தமக்குரிய துறைகளில் அணையும். தீச்சுவர் என்பது இத்துறைகளின் முன் நின்று வருவனவற்றை ஒவ்வொன்றாக வினவும் காவலாளி.

தீச்சுவர் என்ற சொல் கட்டடக் கலையிலிருந்து வந்தது. ஒரு பகுதியில் பற்றிய நெருப்பு மற்றொன்றுக்குத் தாவாதிருக்கக் கட்டப்படும் சுவரை அது குறித்தது. 1988 நவம்பரில் மொரிஸ் புழு எனப்பட்ட நிரல் அன்றைய இணையத்தின் பல்லாயிரம் கணினிகளைச் செயலிழக்கச் செய்ததன் பின்னர், ஒவ்வொரு நிறுவனமும் தன் வலையமைப்புக்குக் காவல் தேடத் தொடங்கியது. லினக்ஸில் இக்காவலின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியது. 2001இல் ‘ஐபிடேபிள்ஸ்’ வழக்குக்கு வந்தது. 2014இல் ‘என்எப்டேபிள்ஸ்’ அதனோடு சேர்ந்தது. பெயர்கள் மாறினும் தத்துவம் மாறவில்லை. முதலில் எல்லாத் துறைகளையும் மூடுக. பின்னர் காரணம் காட்டப்பட்ட துறையை மட்டும் திறக்க.

ஊர் ஆவணக் கணினிக்கு வெளியார் எவரும் அணுகத்தக்கதாகத் திறந்திருக்க வேண்டிய துறைகள் இரண்டே: 80, 443. 22ஆம் துறை நிருவாகிகளின் முகவரிகளுக்கு மட்டும் திறக்கப்படலாம். தரவுத்தளம் வெளியாரோடு பேச வேண்டிய தேவை எதுவும் இல்லை. அது கணினியினுள்ளேயே பேசினால் போதும். உள்ளிருந்து கேட்ட கேள்விக்கு வெளியிலிருந்து வரும் விடையை மட்டும் அனுமதிக்கும் நினைவாற்றலும் இன்றைய தீச்சுவர்களுக்கு உண்டு. ஆக, ஓர் ஊரின் நினைவைக் காக்கும் விதிகள் ஒரு தாளின் அரைப்பக்கத்தில் அடங்கும். அரைப்பக்கத்தை வாசிக்க இயலாத சமூகம் என்று தமிழ்ச் சமூகத்தை எவரும் கூறத் துணியார்.

மறுப்போரின் வாதங்கள்

முதலாம் வாதம் அலட்சியத்தின் வாதம். ‘நம்மிடம் களவெடுக்க என்ன இருக்கிறது? பழைய மலரையும் காணித் துண்டையும் தேடி எந்தத் திருடன் வரப்போகிறான்?’ என்பர். இன்றைய திருடன் எவரையும் தேடி வருவதில்லை என்பதை இவர்கள் அறியார். இணையத்தின் முகவரிகள் அனைத்தையும் இயந்திரங்கள் இடையறாது தட்டிப் பார்க்கின்றன. திறந்த துறை எதுவோ அதனுள்ளே நுழைகின்றன. 2017 ஜனவரியில் உலகெங்கும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ‘மொங்கோடிபி’ தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, மீட்புப் பணம் கோரும் குறிப்பு மட்டும் அவற்றின் இடத்தில் விடப்பட்டது. அங்கே பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. கடவுச்சொல் இன்றித் துறை திறந்து கிடந்தது, அவ்வளவே.

களவெடுக்க எதுவும் இல்லாதவன் பிறருக்குத் தீங்கு செய்யும் கருவியாகவும் ஆகலாம். 2018 பெப்ரவரி 28இல் ‘கிட்ஹப்’ தளத்தின்மீது வினாடிக்கு 1.35 டெராபிட் என்னும் வெள்ளம் ஏவப்பட்டது. 11211ஆம் துறையைக் காரணமின்றித் திறந்துவைத்திருந்த, யாருக்கும் பகையில்லாத, எண்ணற்ற வழங்கிகளே அவ்வெள்ளத்தைப் பெருக்கின. தன் வீட்டு வாயிலைத் திறந்துவிட்டவன் அயலவனின் இழப்புக்கும் பொறுப்பாளியே.

இரண்டாம் வாதம் சரணாகதியின் வாதம். ‘பெருங் கம்பனிகளிடம் வல்லுநர் பலர் உளர், அவர்கள் காப்பர், ஏன் வீண் சுமை?’ என்பர். அவர்களிடம் வல்லுநர் உண்டென்பது உண்மை. ஆயினும் அவ்வல்லுநர் காப்பது தம் கம்பனியின் வாயிலை. விதி அவர்களுடையது, விதியை மாற்றும் நாளும் அவர்களுடையது, கணக்கை முடக்கும் முடிவும் அவர்களுடையது. கொட்டின் நடுவே தன் மூன்றிலொரு பங்குக்குக் காத்து நின்ற குளிகாரனின் நிலையும் இதுவேயன்றோ? மேலும், வாடகை அந்நியச் செலாவணியில் செலுத்தப்படுகின்றது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தபோது, டொலரில் மாதக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த சிறு நிறுவனங்கள் பட்ட பாட்டை எளிதில் மறக்க இயலாது. பெருங் களஞ்சியங்களை முற்றாக விலக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அங்கே ஒரு படியை வைக்கலாம். மூலப்படியும் அதன் திறவுகோலும் ஊரிடமே இருத்தல் வேண்டும்.

அரசின் கையில் ஒப்படைத்தால் போதும் என்பார்க்கு 2023ஆம் ஆண்டே விடை. அவ்வாண்டு ஓகஸ்டில் இலங்கை அரசாங்க முகிற்கணினி அமைப்பு மீட்புப்பணத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளாதொழிந்தன. மென்பொருள் காலங்கடந்தது, அம்மாதங்களுக்குரிய பிற்காப்பும் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களையே காக்க இயலாத ஏற்பாட்டிடம் மறிச்சுக்கட்டியின் காணி உறுதியை ஒப்படைப்பது அறிவுடைமையாகாது.

இந்நிகழ்ச்சி மற்றோர் உண்மையையும் கூறுகின்றது. தீச்சுவர் மட்டும் போதாது. திறந்த துறையின் பின்னே நிற்கும் மென்பொருள் ஓட்டையாக இருப்பின், காவலாளி வணங்கி வழிவிட, பகைவன் இராசபாட்டையிலேயே உள்ளே வருவான். விதிகளோடு மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தலும், வேறோரிடத்தில், வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட நிலையில், ஒரு பிற்காப்புப் படி பேணுதலும் சேர்ந்தாலே காவல் நிறைவுறும்.

மூன்றாம் வாதம் அச்சத்தின் வாதம். இதுவே மூன்றனுள்ளும் ஆபத்தானது; ஏனெனில் இது விழிப்புணர்வின் உடையில் வருகின்றது. ‘வெளிநாட்டு முகவரிகள் அனைத்தையும் தடுத்துவிடுக, இலங்கை முகவரிகளை மட்டும் அனுமதிக்க’ என்பர். ஒரே வரியில் உலகத்தை அடைத்துவிட்ட மனநிறைவு இவர்களுக்கு. ஆயின், தாக்குபவன் இலங்கைக்குள்ளேயே கைப்பற்றப்பட்ட ஒரு கணினியினூடாக வருவதற்கு இவ்விதி தடையாகாது. தடைப்படுவோர் யார்? கட்டாரில் உழைக்கும் மகன். இலண்டனில் வாழும் பேரன். கனடாவிலிருந்து தன் தந்தையின் பெயரைப் பாடசாலை இடாப்பில் தேடும் மகள். சிதறடிக்கப்பட்ட மக்களின் ஆவணத்தைத் தேச எல்லையால் அடைப்பது, அவர்களை இரண்டாம் முறை வெளியேற்றுவதாகும்.

போர்க்காலத்தில் வடபுலத்து மக்கள் சோதனைச்சாவடிகளைக் கண்டனர். எல்லாத் தரப்பினரும் ‘பாஸ்’ வழங்கினர். எல்லாத் தரப்பினரும் பாஸை மறுத்தனர். அச்சாவடிகளில் கேட்கப்பட்ட முதற்கேள்வி ‘என்ன செய்யப் போகிறாய்?’ என்பதன்று; ‘எங்கே பிறந்தாய்?’ என்பது. பிறப்பிடத்தைக் கொண்டு மனிதனைப் பகைவனெனத் தீர்த்த அம்முறை எவருக்கும் உண்மையான பாதுகாப்பை அளிக்கவில்லை. வந்தவன் எந்த நாட்டான் என்பதை வினவாது, எந்தத் துறையில் எதன்பொருட்டு வருகின்றான் என்பதை வினவும் விதியே நல்ல விதி. தவறு செய்த முகவரியை அத்தவற்றுக்காக, ஒரு கால எல்லைக்கு, தடுக்கலாம். ஒரு தேசத்தையே நிரந்தரமாகத் தடுப்பது காவலன்று, வெறுப்பு.

நான்காம் வாதம் பல்கலைக்கழகத்துள்ளேயே ஒலிப்பது. ‘இது கணினித்துறையார் வேலை, கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன?’ என்பர். இவ்வாதம் தன்னடக்கம்போலத் தோன்றும். உண்மையில் அது சோம்பலே.

விதியும் உரையும்

தீச்சுவர் விதி ஒரு வாக்கியம். எவ்விடத்திலிருந்து, எத்துறைக்கு, எந்நிலையில் வருவது அனுமதிக்கப்படும் அல்லது மறுக்கப்படும் என அது கூறுகின்றது. எழுவாயும் பயனிலையும் நிபந்தனையும் அதிலே உள. நூற்பாவையும் உரையையும் பகுத்து வாசிக்கப் பழகிய தமிழ் மாணவருக்கு இது அந்நியமான பொருளன்று.

தமிழிலக்கணம் பயின்றோர் பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என்னும் பாகுபாட்டை அறிவர். பொதுவிதியை முன்னே கூறிச் சிறப்புவிதியைப் பின்னே கூறினும், சிறப்புவிதியே பொதுவிதியை விலக்கும் என்பது இலக்கணிகளின் கொள்கை. லினக்ஸின் தீச்சுவர் அவ்வாறு பொருள்கொள்வதில்லை. அது மேலிருந்து கீழாக வாசித்து, முதலிற் பொருந்தும் விதியையே ஏற்று அங்கேயே நின்றுவிடும். ‘எவரும் வரலாம்’ என்ற பொதுவிதி தலையில் நிற்குமாயின், அதன் கீழே எழுதப்பட்ட நூறு தடைகளும் வாசிக்கப்படாத வரிகளே. ‘ஓபன்பிஎஸ்டி’ என்னும் இயக்கமுறைமையின் ‘பிஎப்’ தீச்சுவரோ இதற்கு மாறானது. தனிக்கட்டளை எதுவும் இல்லையாயின் கடைசியாகப் பொருந்தும் விதியே அங்கு செல்லும். ஒரே விதித்தொகுப்பை ஓரிடத்தில் ஒருவாறும் மற்றோரிடத்தில் வேறொருவாறும் பொருள்கொள்ள வேண்டியுள்ளது. இது முற்றிலும் உரையாசிரியரின் பிரச்சினை அன்றோ?

வாசிக்கத் தெரியாமையால் நேரும் பிழைகள் வேறும் சில உள. இணைய முகவரிகள் இன்று நான்காம் பதிப்பு, ஆறாம் பதிப்பு என இரு வகையின. ஐபிடேபிள்ஸ் நான்காம் பதிப்பை மட்டுமே நோக்கும்; ஆறாம் பதிப்புக்கு வேறு விதித்தொகுப்பு வேண்டும். முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்துவிட்டு உறங்கும் வழங்கிகள் இக்காரணத்தாலேயே பல. அவ்வாறே ‘டொக்கர்’ என்னும் மென்பொருள் தான் இயக்கும் சேவைகளுக்காகத் தானே விதிகளை எழுதிக்கொள்கின்றது. அவ்விதிகள் வேறொரு பாதையில் அமைவதால், ‘யுஎப்டபிள்யூ’ என்னும் எளிய தீச்சுவரில் நிருவாகி விதித்த தடை அவற்றைத் தொடுவதில்லை. பட்டியலில் மூடியிருப்பதாகத் தோன்றும் துறை வெளியே திறந்திருக்கும். உள்ளிருந்து பட்டியலைப் பார்த்து அமைதியடைவோர் ஏமாறுவர். வெளியே வேறொரு கணினியிலிருந்து, தம் வழங்கியைத் தாமே தட்டிப் பார்ப்பவரே உண்மையை அறிவர்.

எல்லாவற்றையும் மூடும் ஆர்வத்தில் 22ஆம் துறையையும் மூடித் தம் வீட்டுக்கு வெளியே தாமே நிற்போரும் உளர். ஐந்து நிமிடத்துள் உறுதிப்படுத்தப்படாவிடின் பழைய விதிகள் தாமே மீளும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் புதிய விதியை இடுதல் அனுபவசாலிகளின் வழக்கம்.

இவை அனைத்திலும் முக்கியமானது உரை. ஒவ்வொரு விதியின் அருகிலும், யார் கேட்டதனால், எந்நாளில், எக்காரணத்துக்காக, எதுவரை இது இடப்பட்டது என ஒரு வரி எழுதப்படல் வேண்டும். காரணம் எழுதப்படாத விதியை அடுத்து வருபவர் நீக்க அஞ்சுவார். நீக்க அஞ்சியமையால் விதிகள் பெருகும். பெருகியமையால் எவரும் வாசியார். வாசியாமையால் வாயில் திறந்திருப்பது தெரியாது. மாணவர் சங்கங்களுக்கு இந்நோய் குறிப்பாக உரியது. இன்றைய செயலாளர் அடுத்த ஆண்டு பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். அவர் மூளையில் மட்டும் இருந்த விதிகளும் கடவுச்சொல்லும் அவரோடு சென்றுவிடும். எஞ்சுவது எவரும் தொடத் துணியாத ஒரு பெட்டி. அதனை ஒருநாள் யாரோ அணைத்துவிடுவர். பத்தாண்டு உழைப்பு அதனோடு அணையும்.

செய்யத்தக்கன

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் பேணி வருவது, தன்னார்வத் தொண்டரின் உழைப்பால் எத்துணை பெரும்பணி இயலும் என்பதற்குச் சான்று. ஆயினும் ஒரு நூலகம் ஒரு மொழியின் முழுச் சுமையையும் தாங்க முடியாது. தாங்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மறிச்சுக்கட்டி போன்ற நூறு ஊர்களின் நினைவு நூறு இடங்களில் பேணப்படல் வேண்டும். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று எஞ்சும்.

அதற்குப் பல்கலைக்கழகம் செய்யத்தக்கன மூன்று. ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் தன் பழைய மலர்களை ஏற்றிய ஒரு வழங்கியைத் தானே நடத்துதல் வேண்டும். பொறுப்பு, பொருளாளர் கணக்கைப் போல, ஆண்டுதோறும் எழுத்தில் கைமாறுதல் வேண்டும். அவ்வழங்கியின் விதித்தொகுப்பும் அதன் உரையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு வாசிக்கப்படல் வேண்டும். எந்த உறுப்பினரும் எழுந்து ‘இத்துறை ஏன் திறந்துள்ளது?’ எனக் கேட்கும் உரிமை பெறல் வேண்டும். கலைப்பீட மாணவர் விதியை வாசிக்கவும், கணினித்துறை மாணவர் அதன் காரணத்தை எழுதவும், இருவரும் ஒரே மேசையில் பயிலுதல் வேண்டும்.

விதியைக் கூட்டத்தில் வாசிப்பது பகைவனுக்கு வழிகாட்டுவதாகாதா எனச் சிலர் ஐயுறலாம். கடவுச்சொல்லும் திறவுகோலும் நிருவாகிகளின் வீட்டு முகவரிகளும் மறைவாகவே இருக்கட்டும். எத்துறை திறந்துள்ளது என்பதைப் பகைவன் சில வினாடிகளில் தட்டிப் பார்த்தே அறிந்துகொள்வான். அதனை அறியாதிருப்பவர் அச்சங்கத்தின் உறுப்பினர் மட்டுமே. மறைத்துவைத்த விதி உறுப்பினரைத்தான் இருளில் வைக்கின்றது.

பழைய முத்துக்குளிப்பு நகரில் வேலி இருந்தது, கணக்கு இருந்தது, காவலும் இருந்தது. குளிகாரனுக்கு மட்டும் வாய் இருக்கவில்லை. பின்னர் அதே மண்ணில் ஒரு முழுச் சமூகம் எவரையும் கேளாது வெளியேற்றப்பட்டது. இவ்விரண்டையும் வரலாற்றுப் பாடமாகக் கற்றுப் பரீட்சை எழுதும் தலைமுறை, தன் சமூகத்தின் நினைவுக்கு இடப்படும் வாயிலின் விதிகளை மீண்டும் பிறரே எழுதட்டும் என வாளாவிருப்பின், அது கற்ற கல்விக்குப் பொருளில்லை. மதில் வேண்டும், வாயில் வேண்டும், வாயிலின் விதியை வாசிக்கத் தெரிந்த மக்கள் அவ்விரண்டிற்கும் முன்னதாக வேண்டும்.